பழைய ரிவால்வருக்கு உரிய தோட்டாவைக் கண்டறியும் முறை

தாத்தாவின் பெட்டியிலிருந்தோ, காலமான உறவினர் ஒருவரின் உடைமைகளிலிருந்தோ ஒரு பழைய ரிவால்வர் உரிமத்துடன் ஒருவர் கைக்கு வந்து சேரும்போது, அவர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: இதற்கு எந்தத் தோட்டா? குழலின் மீது '38' என்று இருக்கிறது, எனவே 38 தோட்டா வாங்கினால் போதும் அல்லவா என்று அவரே ஒரு விடையையும் சொல்லிவிடுகிறார். அந்த விடை போதாது. '38' என்ற பெயரைத் தாங்கிய தோட்டாக்கள் பல உண்டு. அவற்றில் சில ஒன்றுக்கொன்று மாற்றாகவே ஆகாதவை. தவறானதைப் போட்டால் சில சமயம் தோட்டாவின் பித்தளை உறை பிளக்கும், சில சமயம் தோட்டாக்கள் உட்காரும் அறைகளைக் கொண்ட சுழல் சிலிண்டரே வெடித்துச் சிதறும்.

தோட்டா அறைக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டது என்பது, அது அந்தத் துப்பாக்கிக்கு உரிய தோட்டா என்பதற்குச் சான்று ஆகாது. பழைய ரிவால்வர்களில் நேரும் விபத்துகளில் பலவற்றுக்குக் காரணம், 'உள்ளே போனது, அதனால் சுட்டோம்' என்ற ஒற்றைத் தர்க்கம்தான். பொறிப்பு, அளவு, துப்பாக்கியின் காலம் ஆகிய மூன்றும் ஒரே தோட்டாவைச் சுட்டும்போது மட்டுமே விடை கிடைத்ததாகக் கொள்ள வேண்டும்.

முதலில் காலி செய்தல்

எந்த ஆய்வுக்கும் முன்னால் துப்பாக்கி காலியாக இருக்கிறது என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். குழல் ஆளில்லாத, பாதுகாப்பான திசையை நோக்கியிருக்க, விரல் விசைக்கு வெளியே இருக்க, சிலிண்டரைத் திறந்து பாருங்கள். சில ரிவால்வர்களில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். சிலவற்றில் மேற்பகுதியில் உள்ள தாழை விடுவித்தால் குழலும் சிலிண்டரும் சேர்ந்து முன்புறமாக மடங்கும். இன்னும் பழையவற்றில் சிலிண்டரின் வலப்பின்புறம் ஒரு சிறிய மூடி இருக்கும், அதைத் திறந்து ஒவ்வோர் அறையாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஐந்து, ஆறு, ஏழு என்று அறைகளை எண்ணி, எண்ணிய அத்தனையும் காலி என்று தெரிந்த பிறகே துப்பாக்கியை மேசை மீது வையுங்கள். துருவேறித் திறக்க மறுக்கும் ரிவால்வரை வற்புறுத்தாமல், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் அப்படியே கொடுப்பது நல்லது.

உலோகத் தோட்டா வருவதற்கு முந்தைய, அறையின் முன்வாயிலில் மருந்தையும் ஈயக் குண்டையும் கெட்டித்து, பின்னால் சிறிய தொப்பி மாட்டிச் சுடும் வகை ரிவால்வர்களில் இன்னொரு ஆபத்து உண்டு. பின்னாலிருந்து பார்த்தால் அவை காலியா இல்லையா என்பது தெரியாது. கருமருந்து உலர்ந்த நிலையில் பல தலைமுறைகள் கடந்தும் எரியும் தன்மையை இழப்பதில்லை. ஒவ்வோர் அறையின் முன்வாயிலிலும் ஒரு மெல்லிய மரக்குச்சியை விட்டு ஆழத்தைக் குறித்து, அதே குச்சியை அறையின் வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிட்டால், உள்ளே ஏதேனும் அடைத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். இத்தகைய ரிவால்வரில் '44' என்று எழுதியிருந்தாலும் அது 44 தோட்டாவைக் குறிக்காது. அதற்கு உலோகத் தோட்டாவே கிடையாது, ஈய உருண்டைதான். அந்த உருண்டையும் ஏறத்தாழ .451 அல்லது .454 அங்குல விட்டம் கொண்டது.

பொறிப்பை வாசித்தல்

ஒரு துளி எண்ணெய் தொட்ட மென்துணியால் குழலின் இரு பக்கங்களையும், மேல் முதுகையும், சிலிண்டருக்குக் கீழே உள்ள சட்டகத்தையும், கைப்பிடியின் அடியையும் துடையுங்கள். உப்புத்தாளோ, கம்பித் தூரிகையோ கூடாது. நூறு ஆண்டுகளுக்கு முன் பதித்த எழுத்தை ஒரு நிமிடத்தில் அழித்துவிடும். விளக்கை நேராகப் பிடிக்காமல் உலோகப் பரப்புக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட அதை உரசுவது போலத் தாழ்த்திப் பிடித்தால், தேய்ந்துபோன எழுத்தின் நிழல் தெரியத் தொடங்கும். தெரிந்ததை அப்படியே, ஓர் எழுத்தும் ஊகித்துச் சேர்க்காமல், தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

'38 எஸ் அண்ட் டபிள்யூ சிடிஜி' என்று இருப்பதும் '38 எஸ் அண்ட் டபிள்யூ ஸ்பெஷல் சிடிஜி' என்று இருப்பதும் இரண்டு வேறு தோட்டாக்கள். 'எஸ் அண்ட் டபிள்யூ' என்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனப் பெயரின் சுருக்கம், 'சிடிஜி' என்றால் தோட்டா. நடுவில் உள்ள 'ஸ்பெஷல்' என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் தன் போட்டியாளரான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பெயரைத் தன் துப்பாக்கிமீது பொறிக்க விரும்பாமல், அதே தோட்டாக்களுக்குத் தன் பெயரைச் சூட்டியது. எனவே '38 கோல்ட் நியூ போலீஸ்' என்பது .38 எஸ் அண்ட் டபிள்யூதான். '32 கோல்ட் நியூ போலீஸ்' என்பது.32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்தான். பெயர் வேறு, தோட்டா ஒன்று. அதே நிறுவனத்தின் 'போலீஸ் பாசிட்டிவ்', 'போலீஸ் பாசிட்டிவ் ஸ்பெஷல்' என்ற இரண்டு மாதிரிகளையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது, 38 வகையில் முதலாவது .38 எஸ் அண்ட் டபிள்யூவுக்கும், இரண்டாவது .38 ஸ்பெஷலுக்கும் செய்யப்பட்டவை. மாதிரியின் பெயரை மட்டும் காதால் கேட்டுவிட்டுத் தோட்டா வாங்கப் போகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

குழலின் முதுகில் வரிசையாக இருக்கும் ஆண்டுகள் காப்புரிமை பெற்ற நாள்கள். துப்பாக்கி செய்யப்பட்ட நாள் அல்ல. 1877 என்று பொறித்த ரிவால்வர் இருபதாம் நூற்றாண்டில் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். துப்பாக்கியின் காலத்தைக் கணிக்க வரிசை எண்ணும், புதிய துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிக்கும் நிலையங்களின் முத்திரைகளும்தான் உதவும். முட்டை வடிவ வளையத்துக்குள் இ, எல், ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை நிலையத்தின் முத்திரை. லண்டனும் பர்மிங்காமும் தமக்கெனத் தனி முத்திரைகள் வைத்திருந்தன.

பெரிய நிறுவனத்தின் பெயர் இருப்பதாலேயே அதை அவர்கள் செய்ததாக நம்பிவிட வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் ஐபார் நகரப் பட்டறைகள் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கோல்ட் மாதிரிகளைப் பார்த்துச் செய்த ரிவால்வர்கள் உலகெங்கும் பரவின. குழலுக்குள் பார்த்தால் ஒரு துப்புக் கிடைக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் வழக்கமாக ஐந்து, வலப்புறம் முறுக்கிச் செல்லும். கோல்ட்டில் ஆறு பள்ளங்கள், இடப்புற முறுக்கு. பிரிட்டனின் வெப்லியில் ஏழு, வலப்புறம். பெயர் ஒன்றும் பள்ளம் வேறொன்றும் சொன்னால், நகலாக இருக்கலாம் அல்லது குழல் மாற்றப்பட்டிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் குழல்மீது உள்ள எண்ணை நம்பக் கூடாது. குழல், சிலிண்டர், சட்டகம் மூன்றிலும் வரிசை எண் இருக்குமானால் அவை ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். பொறிப்பு குழலில் இருக்கிறது, தோட்டாவோ சிலிண்டரில் உட்காருகிறது; சிலிண்டர் வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்ததாக இருந்தால் பொறிப்பு பொய்யாகிவிடும்.

துப்பாக்கியோடு கிடைத்த பழைய தோட்டாக்களையும், உரிமப் புத்தகத்தில் எழுதியுள்ள காலிபரையும், அதாவது குழல்துளை அளவையும், சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தோட்டாவின் அடியில் உள்ள எழுத்து அந்தத் தோட்டாவின் பெயரைச் சொல்லுமே தவிர, துப்பாக்கியின் தேவையைச் சொல்லாது. முன்பிருந்தவரும் தவறாக வாங்கியிருக்கலாம். உரிமத்தில் எழுதிய அலுவலரும் பெரும்பாலும் குழலில் தெரிந்த எண்ணைத்தான் பார்த்து எழுதியிருப்பார். ஆய்வின் முடிவு உரிமத்திலிருந்து மாறுபட்டால் உரிமத்தைத்தான் முறைப்படி திருத்த வேண்டும். அந்தப் பழைய தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கவும், பிரித்துப் பார்க்கவும் முயலாமல் உரிய அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

எப்படிப் பற்றவைக்கிறது என்று பார்த்தல்

சிலிண்டரின் பின்விளிம்பில் ஒவ்வோர் அறைக்கும் நேராகச் சிறிய வெட்டு இருந்தால், அது ஊசித் தோட்டா ரிவால்வர். தோட்டாவின் பக்கத்திலிருந்து நீண்டிருக்கும் ஊசி அந்த வெட்டில் உட்கார, சுத்தி அதன் தலையில் அடிக்கும். 5, 7, 9, 12 மில்லிமீட்டர் எனப் பல அளவுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஏராளமாகச் செய்யப்பட்ட இவற்றைக் காட்சிப் பொருளாக வைத்துக்கொள்வதே முறை. சுத்தியின் மூக்கு அறையின் விளிம்பில் விழுந்தால் அது விளிம்புத் தோட்டாவுக்கு உரியது; .22 வகைகள் இதில் சேரும். மிகப் பழைய .22 ரிவால்வர்கள் 1857-இல் வந்த .22 ஷார்ட்டுக்காகச் செய்யப்பட்டவையாக இருக்கக்கூடும் என்பதால், இன்று கடையில் எளிதாகக் கிடைக்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டா உள்ளே போனாலும் போட்டுவிடக் கூடாது. மூக்கு அறையின் நட்டநடுவில் விழுந்தால் மையத் தோட்டா. குழப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

'38' என்னும் சிக்கல்

எண்ணுக்கும் அளவுக்கும் உறவு விட்டுப்போனது எப்படி என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். உலோகத் தோட்டா வந்த புதிதில், பழைய .36 ரிவால்வர்களின் சிலிண்டரை மாற்றியமைத்துத் தோட்டா போடும்படி செய்தார்கள். அப்போது குண்டும் பித்தளை உறையும் வெளிப்புறத்தில் ஒரே விட்டம் கொண்டிருந்தன. குண்டின் குதிகால் மட்டும் சற்றுக் குறுகி உறைக்குள் நுழைந்திருந்தது. அந்த விட்டம் ஏறத்தாழ .38 அங்குலம். பின்னர் குண்டை முழுமையாக உறைக்குள் அமர்த்தும் வழக்கம் வந்தபோது குண்டு .357 அங்குலமாகச் சுருங்கியது. பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. .38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் ஒரே விட்டக் குண்டைச் சுடுவதற்கு இதுதான் காரணம்.

இப்போது அளவுகளைப் பாருங்கள். 1870-களில் வந்த .38 எஸ் அண்ட் டபிள்யூவின் உறை 19.7 மில்லிமீட்டர் நீளமும், அடிப்பகுதியில் ஏறத்தாழ 9.80 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது; அதன் குண்டு .361 அங்குலம், அதாவது 9.17 மில்லிமீட்டர். .38 லாங் கோல்ட்டின் உறை 26.2 மில்லிமீட்டர் நீளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த .38 ஸ்பெஷல் 29.3 மில்லிமீட்டர். 1935-இல் விற்பனைக்கு வந்த .357 மேக்னம் 32.8 மில்லிமீட்டர். கடைசி மூன்றின் உறை விட்டம் ஒன்றே, 9.63 மில்லிமீட்டர். .38 எஸ் அண்ட் டபிள்யூவுக்கும் அவற்றுக்கும் இடையிலான விட்ட வேறுபாடு 0.17 மில்லிமீட்டர்தான், ஏறத்தாழ இரண்டு எழுதுதாள்களை அடுக்கிய தடிமன். கண்ணுக்குத் தெரியாத இந்த இடைவெளிதான் உறையைப் பிளக்க வைக்கிறது.

.357 மேக்னத்தின் உறையை ஏறக்குறைய எட்டில் ஓர் அங்குலம் நீட்டியதே, அது .38 ஸ்பெஷல் ரிவால்வருக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அறையின் உள்ளே, உறை முடியும் இடத்தில் ஒரு படி இருக்கும். நீண்ட உறை அந்தப் படியில் முட்டி நின்றுவிடும். ஆனால் 1892-இல் தொடங்கிய கோல்ட் ராணுவ மாதிரிகள் போன்ற சில பழைய .38 ரிவால்வர்களில் அறை படியே இல்லாமல் நேராகத் துளைக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் .38 லாங் கோல்ட்டும் போகும், .38 ஸ்பெஷலும் போகும், .357 மேக்னமும்கூடப் போய் உட்காரும். மேக்னத்தின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு; .38 ஸ்பெஷலுக்கு அது 17,000. கருமருந்துக் காலத் தோட்டாவுக்கென்று செய்த சிலிண்டரில் இந்த மேக்னம் எரிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அறைக்குள் படி இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. சிலிண்டரைத் திறந்து, முன்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து அறை வழியே நோக்குங்கள். படி இருந்தால் நடுவே ஒரு மெல்லிய வட்டக் கோடு பளிச்சென்று தெரியும்; அதற்கு அப்பால் துளை சற்றுக் குறுகியிருக்கும். நேர்த்துளையில் அந்த வட்டம் இருக்காது. ஆனால், பல ஆண்டுகள் குட்டையான தோட்டாவையே சுட்டுவந்த ரிவால்வரில் கரியும் ஈயமும் படிந்து ஒரு போலி வளையத்தை உருவாக்கியிருக்கும். என்னிடம் ஒருமுறை வந்த ரிவால்வரில் அப்படி ஒரு வளையத்தைப் படி என்று எண்ணி அளவெடுத்துவிட்டேன். கரைப்பான் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்தபோது அது கழன்று வந்தது, நான் எழுதி வைத்திருந்த முடிவும் அதோடு போயிற்று. அன்றிலிருந்து, பித்தளைத் தூரிகையால் அறைகளைப் பளபளவென்று சுத்தம் செய்யாமல் நான் அளவெடுப்பதில்லை.

அளவெடுத்தல்

0.01 மில்லிமீட்டர் வரை காட்டும் டிஜிட்டல் வெர்னியர் இருந்தால் வேலை தொடங்கலாம். முதலில் சிலிண்டரின் மொத்த நீளத்தை எடுங்கள். இந்த ஓர் எண்ணே பல தோட்டாக்களைக் கழித்துவிடும். .38 ஸ்பெஷலின் முழுத் தோட்டா 39.4 மில்லிமீட்டர் வரை நீளும்; சிலிண்டர் 32 மில்லிமீட்டர்தான் என்றால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது. அடுத்து அறையின் பின்வாய் விட்டம், பிறகு முன்வாய் விட்டம், பிறகு பின்முகத்திலிருந்து படி வரையுள்ள ஆழம். ஒவ்வொன்றையும் எல்லா அறைகளிலும் எடுங்கள். ஆறு அறையில் ஐந்து ஒன்றுபோலவும் ஒன்று மட்டும் வேறாகவும் இருந்த சிலிண்டர்கள் உண்டு. அறை, தோட்டாவைவிடச் சிறிதளவு அகலமாக இருப்பது இயல்பு. பின்வாய் 9.65-க்கும் 9.72-க்கும் இடையில் இருந்தால் .38 ஸ்பெஷல் குடும்பம், 9.85-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் .38 எஸ் அண்ட் டபிள்யூவின் பக்கம் சாய்கிறது.

வெர்னியரின் உள்தாடைகள் சிறிய துளையில் சரியாக அமராமல் உண்மையைவிடக் குறைவான அளவையே காட்டும். ஐயம் நீங்க வேண்டுமானால் அறையை வார்ப்பெடுக்க வேண்டும். இதற்கென்றே செரோசேஃப் என்னும் உலோகக் கலவை கிடைக்கிறது. 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும் என்பதால் துப்பாக்கியின் எஃகுக்கு எந்தத் தீங்கும் இல்லை. சிலிண்டரைக் கழற்றி, அறையைச் சுத்தம் செய்து, மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, படிக்குச் சற்று அப்பால் துணித் துண்டால் அடைத்து, பின்வாய் வழியே ஊற்றுங்கள். இந்தக் கலவை முதலில் சுருங்கி, பிறகு மெல்ல விரிவடையும்; எனவே அரை மணி நேரத்துக்குள் வெளியே எடுத்துவிட்டு, ஊற்றி ஒரு மணி நேரம் ஆனதும் அளக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் வார்ப்பு, அறையின் உண்மையான அளவில் இருக்கும். மறுநாள் அளந்தால் தவறாகிவிடும். கலவையில் ஈயமும் காட்மியமும் இருப்பதால் நேரடித் தீயில் அளவுக்கு மீறிச் சூடாக்காதீர்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள்.

கையில் கிடக்கும் அந்தச் சாம்பல்நிற வார்ப்பைப் பார்ப்பதில் எனக்கு இன்றும் ஒரு நிறைவு உண்டு. படி எங்கே இருக்கிறது, அறை நேராகப் போகிறதா, கழுத்துச் சுருங்குகிறதா, பின்னாளில் யாராவது துளையைப் பெரிதாக்கும் ரீமர் விட்டுக் குடைந்த கீறல் இருக்கிறதா என்று அதுவரை இருட்டில் இருந்ததெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

குழலை அளப்பதற்கு, அதன் துளையைவிடச் சற்றுப் பெரிய மென்ஈயத் துண்டை எண்ணெய் தடவிய குழலுக்குள் மரச் சுத்தியால் மெல்லத் தட்டிச் செலுத்தி, பித்தளைக் கோலால் மறுமுனை வழியே தள்ளி எடுப்பார்கள். ஈயத்தின் மீது பதிந்த மிக அகலமான இடம்தான் பள்ளத்தின் விட்டம். குண்டு அதற்கு ஈடாக இருக்க வேண்டும். பள்ளங்கள் ஆறாக இருந்தால் எதிரெதிர் மேடுகளைப் பிடித்து அளந்துவிடலாம். ஐந்தோ ஏழோ ஆனால் ஒரு மேட்டுக்கு எதிரே பள்ளம்தான் இருக்கும். சாதாரண வெர்னியர் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். ஒற்றைப்படைப் பள்ளங்களுக்கென்று அமைந்த 'வி' வடிவத் தாங்கியுள்ள மைக்ரோமீட்டர் வேண்டும். இது தெரியாமல் .361 குழலை .357 என்று குறித்துக்கொண்டவர்கள் பலர்.

32, 44, 45

.32-இலும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது. .32 எஸ் அண்ட் டபிள்யூவின் உறை 15.5 மில்லிமீட்டர்; .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் 23.4, 1984-இல் வந்த.32 எச் அண்ட் ஆர் மேக்னம் 27.3, அதற்கும் பின் வந்த.327 ஃபெடரல் 30.5. நான்கின் விட்டமும் ஒன்றே. குட்டையானது நீண்ட அறையில் போகும், பாதுகாப்பாகச் சுடவும் செய்யும், மறுதலை கூடாது. .32 லாங் கோல்ட் மட்டும் வேறு குடும்பம், உறை 8.08 மில்லிமீட்டர், எஸ் அண்ட் டபிள்யூ அறையில் அது தொளதொளவென்று ஆடும். பலரும் அறியாத ஆபத்து தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கான .32 ஏசிபி தோட்டா, அதாவது 7.65 மில்லிமீட்டர் பிரௌனிங். அதன் விளிம்பு உறையைவிடச் சிறிதே அகலமானது, ஆனாலும் பழைய .32 ரிவால்வரில் பிடித்து நிற்கும். அதன் உச்ச அழுத்தம் 20,500 பவுண்டு,.32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்குக்கோ 15,000தான். மேலிருந்து மடங்கும் மெல்லிய சட்டக ரிவால்வருக்கு அதைப் போடவே கூடாது.

44-இல் ரஷ்யன், ஸ்பெஷல், மேக்னம் ஆகிய மூன்றும் 24.6, 29.5, 32.6 மில்லிமீட்டர் என ஒரே வரிசையில் நீள்பவை. .44-40 தனி, அடி 11.96 மில்லிமீட்டர் அகலம், கழுத்தில் இலேசான சுருக்கம். வார்ப்பெடுத்தால் அந்தச் சுருக்கம் உடனே தெரிந்துவிடும். 45-இல், 1917 என்று குறித்த அமெரிக்க ராணுவ ரிவால்வர்கள் விளிம்பில்லாத .45 ஏசிபி தோட்டாவை அரைவட்டத் தகட்டில் செருகிச் சுடுபவை; .45 கோல்ட்டை அவற்றில் போட முடியாது, போட முயலவும் கூடாது.

மாற்றியமைக்கப்பட்ட ராணுவ ரிவால்வர்கள்

பிரிட்டிஷ் ராணுவத்தின் .380 ரிவால்வர் தோட்டா அளவில் .38 எஸ் அண்ட் டபிள்யூவை ஒத்தது. 1932-இல் ஏற்கப்பட்ட என்ஃபீல்டு இரண்டாம் எண் ரிவால்வர் இதற்குரியது. '380' என்ற எண்ணைப் பார்த்துத் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கான .380 ஏசிபியை வாங்குவது பொதுவான பிழை. அது விளிம்பில்லாதது, குண்டு.355 அங்குலம்தான்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி மாதிரி ரிவால்வர்களும் அந்த பிரிட்டிஷ் .380 தோட்டாவுக்கே செய்யப்பட்டவை. போருக்குப் பின் அவற்றில் பலவற்றை விற்பனையாளர்கள் .38 ஸ்பெஷலுக்காக நீளமாகக் குடைந்துவிட்டார்கள். நீளத்தைக் கூட்டலாம், ஏற்கெனவே அகன்ற பின்பகுதியைக் குறுக்க முடியாது. அதனால் .38 ஸ்பெஷல் உறை சுட்டபின் அடியில் வளையமாகப் புடைத்து வரும், சில சமயம் நெடுக்கில் கீறும். ஒரு நண்பர் சேகரித்து வைத்திருந்த அத்தகைய ஆறு காலி உறைகளை உருட்டிப் பார்த்திருக்கிறேன். மேசைமீது ஒன்றுகூட நேராக உருளவில்லை. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. .38 ஸ்பெஷல் முழுதாகப் போகும் அறையில் .38 எஸ் அண்ட் டபிள்யூவின் காலி உறையும் தடையின்றி இறங்கினால், அது குடையப்பட்ட சிலிண்டர். ஸ்பெஷலுக்கென்றே செய்த அறையில் அந்த அகன்ற உறை பொதுவாக நுழையாது.

.455 வெப்லி ரிவால்வர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. அந்தத் தோட்டா கிடைப்பது அரிதானதால், பல வெப்லிகளின் சிலிண்டர் பின்முகத்தைக் கடைந்து, தகட்டில் செருகிய .45 ஏசிபி போடும்படி செய்தார்கள். சிலிண்டரின் பின்முகத்தில் துருத்தடுப்பு நீலப்பூச்சு ஏறாத பளபளப்பும் கடைசல் கோடுகளும் தெரிந்தால், சிலிண்டருக்கும் பின்சட்டகத்துக்கும் இடையில் வழக்கத்துக்கு மீறிய இடைவெளி இருந்தால், அது கடையப்பட்டது. தொழிற்சாலை .45 ஏசிபியின் உச்ச அழுத்தம் 21,000 பவுண்டு; வெப்லி தாங்கும்படி வடிவமைக்கப்பட்ட அளவுக்கு அது வெகுவாக மேலே. அதில் .45 ஏசிபி சரியாக உட்காரும், சுடும், சில காலம் தாங்கவும் கூடும். அதனால் அது உரிய தோட்டா ஆகிவிடாது.

ரஷ்ய நாகன் 1895 ஏழு அறை கொண்டது. அதன் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவில் குண்டு உறைக்குள் முழுதும் புதைந்திருக்கும். சுத்தியை இழுக்கும்போது சிலிண்டர் முன்னே நகர்ந்து, உறையின் வாய் குழலுக்குள் நுழைந்து வாயுவை அடைக்கும். இதில் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்கைச் சுடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அறை அதற்கு அகலமானது. உறை புடைக்கும், வாயுத் தடுப்பும் வேலை செய்யாது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

காலமும் அழுத்தமும்

பெயரும் அளவும் பொருந்திய பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: இந்த எஃகு, கருமருந்தைவிட அதிக அழுத்தம் தரும் புகையில்லா மருந்தைத் தாங்குமா? 1890-களுக்கு முந்தைய ரிவால்வர்கள் கருமருந்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கோல்ட் நிறுவனமே தன் ஒற்றை இயக்க ராணுவ ரிவால்வரை 1900-ஐ ஒட்டித்தான் புகையில்லா மருந்துக்கு உத்தரவாதப்படுத்தத் தொடங்கியது. ஆகவே அதற்கு முந்தைய ஒரு ரிவால்வரில் '45 கோல்ட்' என்று தெளிவாகப் பொறித்து, அளவும் துல்லியமாகப் பொருந்தினாலும், இன்று கடையில் விற்கும் .45 கோல்ட் தோட்டா அதற்கு உரியதல்ல. கருமருந்துத் தோட்டாதான் உரியது, அதுவும் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு. பெட்டியில் 'பிளஸ் பி' என்று குறித்த தோட்டாக்கள் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் கொண்டவை. அவற்றை எந்தப் பழைய ரிவால்வருக்கும் வாங்க வேண்டாம்.

தோட்டா தெரிந்துவிட்டது என்பதும் துப்பாக்கி சுடத் தகுந்தது என்பதும் ஒன்றல்ல. சுத்தியை முழுதும் இழுத்த நிலையில் சிலிண்டர் ஆடுகிறதா, அறை குழலோடு நேர்க்கோட்டில் நிற்கிறதா, குழலுக்குள் வளையமாக வீக்கம் இருக்கிறதா, அறைகளின் வெளிச்சுவரில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று அனுபவமுள்ள ஒருவர் பார்க்க வேண்டும். அவரிடம் போகும்போது நீங்கள் எழுதிய பொறிப்பு, அறை அளவுகள், வார்ப்பு, ஈயத் துண்டு ஆகிய அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வெறும் துப்பாக்கியை நீட்டி 'இதற்கு எது போகும்?' என்று கேட்பதைவிட இது பல மடங்கு பயனளிக்கும். மூன்று சான்றுகளில் ஒன்று முரண்பட்டு நின்றாலும், முரண் தீரும்வரை அந்த ரிவால்வரில் ஒரு தோட்டாவும் ஏற வேண்டாம்.

முடிவு உறுதியானதும் ஒரு சிறிய அட்டையில் வரிசை எண், தோட்டாவின் முழுப்பெயர், கருமருந்தா புகையில்லா மருந்தா என்ற குறிப்பு, அறையின் பின்வாய் விட்டம், அளந்த நாள் ஆகியவற்றை எழுதி, விசைக்காப்பு வளையத்தில் நூலால் கட்டிவிடுங்கள். '.38' என்று மட்டும் எழுதாதீர்கள், '.38 எஸ் அண்ட் டபிள்யூ, ஸ்பெஷல் அன்று' என்று எழுதுங்கள். அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.